எண்ணெய் அல்லாத எண்ணெய்

நுழையும் முன்

ஒரு பொருளுக்கு வழங்கும் பெயரே சில வேளைகளில் அதன் இயல்பை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். 'எண்ணெய்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எள் + நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. எள்ளிலிருந்து எடுத்த நெய்க்கு மட்டும் உரியதாயிருந்த அப்பெயர் பின்னர்த் தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவாகி, மண்ணெண்ணெய் வரை நீண்டது. அவ்வழியில் வந்த மற்றொரு பெயர் 'பிரேக் எண்ணெய்'. ஊரெல்லாம் 'பிரேக் ஆயில்' என்று அழைக்கும் அத்திரவம் உண்மையில் எண்ணெய் இனத்தைச் சேர்ந்ததன்று. அதை எண்ணெய் என்று நம்பியவர்களுள் நானும் ஒருவன். அந்நம்பிக்கை என் குடும்பத்தை ஒரு மலைச்சரிவின் விளிம்பு வரை கொண்டு சென்றது.

மலைப்பாதையில் ஒரு மாலை

நான் டேராடூனுக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் ஆண்டு, மே மாத விடுமுறையில் குடும்பத்துடன் முசோரி சென்றிருந்தேன். டேராடூன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்தில் உள்ளது. முசோரி ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடைப்பட்ட மலைப்பாதை சுமார் 35 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. மாலையில் இறங்கும்போது சுற்றுலா வண்டிகளின் நெரிசல். முன்வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்ததால், நானும் பிரேக்கை மிதித்தும் விட்டும் இறங்கிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழிந்திருக்கும். எரிந்த மணம் ஒன்று எழுந்தது. அதனை முன்னால் சென்ற சரக்கு வண்டியின் புகை என்று எண்ணிவிட்டேன். அடுத்த வளைவில் மிதித்தபோது மிதி என் காலை எதிர்க்கவில்லை. நனைந்த துணிமூட்டையை மிதித்தாற்போல் அது தரைவரை இறங்கியது, வண்டியோ நிற்கவில்லை.

மீண்டும் மீண்டும் விரைந்து மிதித்தேன்; சிறிதளவே பிடித்தது. கியரை இரண்டாம் நிலைக்கும், வேகம் தணிந்த பின் முதல் நிலைக்கும் மாற்றினேன். கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தேன். பள்ளத்தாக்கின் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கமாகவே செலுத்தி, வடிகால் ஓரத்தில் ஒருவாறு நிறுத்தினேன். பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. என் கைகள் நடுங்குவதை அவர் கண்டிருந்தார்.

வியப்பு அதன் பின்னர்தான் நேர்ந்தது. அரை மணி நேரம் கழித்து மிதியை அழுத்திப் பார்த்தேன். கல்லை மிதித்தாற்போல் அஃது உறுதியாக நின்றது! வண்டியின் அடியில் கசிவு ஏதும் இல்லை. முன்மூடியைத் திறந்து பார்த்தால், திரவக் கலம் மேற்கோடு வரை நிறைந்திருந்தது. ஆறு மாதங்களுக்கு முன் வண்டியைப் பழுது பார்த்த நிலையத்தார் தந்த பட்டியலிலும் 'பிரேக் ஆயில்: சரி' என்று குறியிட்டிருந்தனர். எல்லாம் சரியாக இருக்கும்போது பிரேக் ஏன் போயிற்று? போனது ஏன் தானே திரும்பி வந்தது? வேறொரு வண்டி பிடித்துக் குடும்பத்தோடு இறங்கினேனே தவிர, அந்த இரண்டு கேள்விகளும் அன்று இரவு என்னை உறங்கவிடவில்லை.

காலின் விசை சக்கரத்தை அடையும் வழி

மிதிவண்டியில் கைப்பிடியை அழுத்தினால், ஒரு கம்பி இழுபட்டு ரப்பர்க் கட்டைகளைச் சக்கரத்தின் மீது அழுத்துகிறது. மகிழுந்தில் அந்தக் கம்பியின் இடத்தில் இருப்பது திரவம். பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623–1662) கண்டறிந்து கூறிய விதியே இதற்கு அடிப்படை. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது அவ்விதி. அறிவியல் வகுப்பில் நீங்கள் இதைப் படித்திருப்பீர்கள்.

பிரேக் மிதியை அழுத்தும்போது 'மாஸ்டர் சிலிண்டர்' எனப்படும் தலைமை உருளையில் உள்ள ஒரு சிறு பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. மெல்லிய எஃகுக் குழாய்களின் வழியாகவும், சக்கரத்தருகே ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் அந்த அழுத்தம் நான்கு சக்கரங்களையும் சென்றடைகிறது. அங்குள்ள பெரிய பிஸ்டன்கள் 'பேட்' எனப்படும் உராய்வுக் கட்டைகளைச் சுழலும் இரும்பு வட்டின் மீது இருபுறமும் அழுத்துகின்றன. பல வண்டிகளின் பின்சக்கரங்களில் வட்டுக்குப் பதிலாக டிரம் இருக்கும், தத்துவம் ஒன்றே. தலைமைப் பிஸ்டனின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் என்றும், சக்கரத்துப் பிஸ்டனின் பரப்பு 18 சதுர சென்டிமீட்டர் என்றும் கொண்டால், விசை ஆறு மடங்காகப் பெருகுகிறது. ஒரு டன் எடையுள்ள வண்டியை ஒரு காலால் நிறுத்த முடிவதன் மறைபொருள் இதுவே.

ஆனால் இயற்கை எதையும் விலையின்றித் தருவதில்லை. விசை ஆறு மடங்கு பெருகினால், நகரும் தொலைவு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும். பேட் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்தாலே வட்டைத் தொட்டுவிடும் என்பதால் அந்தச் சுருக்கம் நமக்குத் தடையாவதில்லை. மிதி ஒருமுறை இறங்கும்போது சில மில்லிலிட்டர் திரவமே குழாயில் நகர்கிறது. இந்தச் சிற்றளவை மறவாதீர்கள். விபத்தின் காரணம் இதனுள்தான் ஒளிந்திருக்கிறது.

செய்து பார்ப்போம்

ஊசி நீக்கிய இரண்டு மருந்துச் சிரிஞ்சுகளை ஒரு சிறு நெகிழிக் குழாயால் இணையுங்கள். காற்றுக் குமிழி சிறிதும் இல்லாமல் நீரால் நிரப்புங்கள். ஒன்றின் தண்டை அழுத்தினால், அதே நொடியில் மற்றொன்றின் தண்டு எழும். இப்போது குழாய்க்குள் ஒரு விரல்நுனி அளவு காற்றை விட்டு, எழும் தண்டை நண்பரின் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மீண்டும் அழுத்துங்கள். உங்கள் கை உள்ளே செல்லும். நண்பரின் விரலோ அழுத்தத்தைச் சரியாக உணராது. திரவம் எளிதில் சுருங்காது, வாயு சுருங்கும். நீங்கள் கொடுத்த உழைப்பைக் குமிழி விழுங்கிவிட்டது. முசோரிப் பாதையில் என் கால் உணர்ந்ததும் இதுவே.

நமத்துப் போகும் திரவம்

மூடிய குழாய்க்குள் குமிழி எங்கிருந்து வந்தது?

மறுநாள் காலை, ராஜ்பூர் சாலையில் சிறு பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வண்டி நின்ற இடத்திற்குச் சென்றேன். அனைவரும் அவரை 'உஸ்தாத்' என்றே அழைப்பர். அவர் இந்தியில் கூறியதைத் தமிழில் தருகிறேன்.

"உஸ்தாத்ஜி, கலம் நிறைந்துதானே இருக்கிறது?" என்றேன்.

"மாஸ்டர்ஜி, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தீர்கள். அதற்கு எத்தனை வயது என்று யாரையாவது கேட்டீர்களா?" என்றார் அவர்.

நான் கேட்டதில்லை. அஃது ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய வண்டி. திரவத்தை மாற்றியதாக எந்தப் பதிவும் இல்லை.

மகிழுந்துகளில் பொதுவாகப் பயன்படும் பிரேக் திரவம், கிளைக்கால் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்களால் ஆனது. அதன் சிறப்பு மிகு கொதிநிலை. அதன் குறை ஈரத்தை உறிஞ்சும் இயல்பு. மழைக்காலத்தில் உப்புச் சாடி நீர்விட்டுக் கசிவதையும், பொரித்த அப்பளம் வெளியில் இருந்தால் நமத்துப் போவதையும் உங்கள் வீட்டில் கண்டிருப்பீர்கள். அவ்வாறே இத்திரவமும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கலத்தின் மூடியில் காற்று நுழைய ஒரு சிறு வழி உண்டு. சக்கரத்தருகே உள்ள ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் மிக மெல்லப் புகும். ஆதலால் வண்டி ஓடினாலும் ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் திரவம் நமத்துக்கொண்டேதான் இருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. கலத்தின் அளவும் குறையாது.

குடித்த ஈரம் கொதிநிலையைத் தாழ்த்துகிறது. கலத்தின் மூடியில் 'டாட் 3', 'டாட் 4' என்று பொறித்திருப்பதைக் காணலாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே 'டாட்'. அத்தர அளவின்படி டாட் 3 வகைப் புதுத் திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியசு வரை கொதிக்கக் கூடாது. டாட் 4 வகை 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால், தரம் கோரும் அளவு முறையே 140, 155 டிகிரியாகத் தாழ்ந்துவிடுகிறது. நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத நீர், கொதிநிலையில் எழுபது டிகிரிக்கு நிகராகக் குறைத்துவிடுகிறது!

இனி அன்றைய மாலையைக் கணக்கிடுவோம். வண்டியும் பயணிகளும் சேர்ந்து 1200 கிலோகிராம் எனக் கொள்ளுங்கள். 1350 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 160 இலட்சம் ஜூல். 20 டிகிரியில் உள்ள 47 லிட்டர் நீரை, அதாவது ஏறத்தாழ மூன்று குடம் நீரை, கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அதில் ஒரு பகுதியைக் காற்றின் எதிர்ப்பும் சக்கரங்களின் உருளலும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது முழுவதும் பிரேக் வட்டுகளில்தான் வெப்பமாகிறது. தாழ்ந்த கியரில் இறங்கியிருந்தால் எஞ்சின் பெரும்பங்கை ஏற்றிருக்கும். நானோ மேல் கியரில், பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினேன். வட்டின் வெப்பம் பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாகத் திரவத்திற்கும் ஏறியது. நமத்த திரவம் கொதித்தது. ஆவிக் குமிழிகள் தோன்றின. மிதி நகர்த்துவது சில மில்லிலிட்டர் மட்டுமே என்று முன்பு கண்டோம். அதனைச் சில குமிழிகளே விழுங்கிவிட்டன. வண்டி நின்று, வெப்பம் தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாயிற்று. பிரேக்கும் திரும்பி வந்தது. வந்து வந்து போகும் இத்தகைய பழுதே மிகக் கொடியது; 'இப்போது சரியாகிவிட்டதே' என்ற எண்ணத்தில் மீண்டும் அதே சரிவில் வண்டியைச் செலுத்தத் தூண்டும்.

கைப்பிரேக் மட்டும் எவ்வாறு உதவியது என்று கேட்கலாம். என் வண்டியைப் போன்றவற்றில் அது திரவத்தால் இயங்குவதன்று. மிதிவண்டியில் உள்ளதைப் போன்ற கம்பியால் பின்சக்கரங்களைப் பிடிப்பது.

ஈரம் குடிக்காத எண்ணெயையே ஊற்றிவிடலாமே என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. எஞ்சின் எண்ணெய் போன்ற கனிம எண்ணெய் பட்டால், பிரேக் அமைப்பில் உள்ள ரப்பர் வளையங்கள் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். 'ஆயில்' என்ற பெயரை நம்பி அதனை ஊற்றியவர்கள் அவ்வளையங்களையும் குழாய்களையும் முழுவதுமாக மாற்ற நேர்ந்துள்ளது. சிலிக்கோனால் ஆன டாட் 5 என்னும் வகை ஈரம் உறிஞ்சாது. எனினும் எவ்வாறோ உள்ளே புகும் நீர் அதனோடு கலவாமல், தாழ்வான இடத்தில் தனித்துளியாகத் தேங்கும். 100 டிகிரியிலேயே கொதிக்கும். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். கிளைக்கால் திரவமோ நீரைத் தன்னுள் பரப்பிக்கொள்கிறது. அதன் குறையே ஒருவகையில் காப்பும் ஆகிறது. இங்கும் பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு: டாட் 5 வேறு, டாட் 5.1 வேறு. பின்னது டாட் 3, டாட் 4 ஆகியவற்றின் இனம். முன்னதை அவற்றோடு கலக்கவே கூடாது. வண்டியின் கையேடும் கலத்தின் மூடியும் கூறும் வகையையே ஊற்ற வேண்டும்.

பேணும் முறை

கலத்தின் பக்கத்தில் மேற்கோடும் கீழ்க்கோடும் இருக்கும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறக்காமலே அளவைக் காணலாம். அளவு சிறிது சிறிதாகத் தாழ்ந்தால் உடனே திரவம் ஊற்றி நிரப்புவது பலர் வழக்கம். அது தவறு. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வருகிறது. அவ்விடத்தை நிரப்பத் திரவம் கலத்திலிருந்து இறங்குகிறது. ஆகவே தாழும் அளவு 'பேட்டைப் பாருங்கள்' என்று சொல்லும் செய்தி. மேலே ஊற்றி நிரப்பினால் அச்செய்தி அழிந்துபோகும். புதிய பேட் பொருத்தும் நாளில் திரவம் வழிந்தும் போகும். சில நாள்களிலேயே அளவு சட்டெனத் தாழ்ந்தாலோ கசிவு என்று பொருள். வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

நிறத்தைக் கொண்டு முடிவு செய்வதும் போதாது. புதுத் திரவம் நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். நாள்பட்டது தேநீர் நிறம் பெறும். எனினும் தெளிவாகத் தோன்றும் திரவத்திலும் ஈரம் இருக்கலாம். பேனா வடிவிலான ஒரு சோதனைக் கருவியை உஸ்தாத் கலத்தில் நனைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. சிறிதளவு திரவத்தைச் சூடாக்கி அதன் கொதிநிலையையே அளக்கும் கருவி இதனினும் நம்பகமானது. கருவி ஏதும் இல்லையெனில் நாள்காட்டி போதும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுமாறு பல கையேடுகள் கூறுகின்றன. சரிவில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அதனினும் முன்னதாக மாற்றுவது நன்று என்பது உஸ்தாதின் கருத்து. என் கருத்தும் அதுவே.

திரவத்தை மாற்றும் பணிக்கு இருவர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிப்பார். மற்றவர் சக்கரத்தருகே உள்ள வடிதிருகைத் தளர்த்துவார். ஒளி ஊடுருவும் குழாய் வழியே பழைய திரவம் ஒரு புட்டியில் வடியும். திருகை இறுக்கிய பின்னரே மிதியை விட வேண்டும். முந்தி விட்டால் காற்றை உள்ளிழுத்துவிடும். குமிழியற்ற புதுத் திரவம் வரும்வரை இவ்வாறு ஒவ்வொரு சக்கரத்திற்கும் செய்வர். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்புள்ள வண்டிகள் சிலவற்றிற்குத் தனிக்கருவியும் தேவைப்படும். ஆகவே இதைக் கண்டு அறிந்துகொள்ளுங்கள். செய்வதைத் தேர்ந்தவரிடம் விடுங்கள்.

பட்டறையில் நிற்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். முத்திரை உடைக்காத புட்டியைத்தான் உங்கள் முன்னே திறக்க வேண்டும். பல மாதங்களுக்கு முன் திறந்து அலமாரியில் வைத்த பாதிப் புட்டி, ஊற்றும் முன்னரே நமத்திருக்கும். வண்டியின் வண்ணப்பூச்சில் ஒரு துளி சிந்தினாலும் உடனே நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இத்திரவம் பூச்சை உரித்துவிடும். நீரோடு உறவு கொண்டாடும் அதன் இயல்பு, கழுவும் வேளையில் மட்டும் நமக்கு நன்மையாகிறது.

அன்று என் வண்டியிலிருந்து வடிந்தது அடர்ந்த தேநீர் நிறம். பணி முடிந்ததும் உஸ்தாத் ஒரு சிறு தாளில் தேதி எழுதிக் கலத்தருகே ஒட்டினார். "அடுத்து யார் திறந்தாலும் வயது தெரியட்டும், மாஸ்டர்ஜி" என்றார். கூலியாக அவர் கேட்ட தொகை, முசோரியில் நாங்கள் உண்ட மதிய உணவின் விலையைவிடக் குறைவு. அந்தத் தாளில் இப்போது இரண்டு தேதிகள் உள்ளன.

பயிற்சி

1. 'எண்ணெய்' என்னும் சொல் பிறந்த விதத்தைக் கூறுக. 'பிரேக் எண்ணெய்' என்னும் பெயர் ஏன் பொருந்தாது?

2. நின்றுபோன பிரேக் அரை மணி நேரத்தில் திரும்பி வந்ததன் காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

3. கலத்தில் அளவு தாழ்வதற்கு இரண்டு காரணங்கள் கூறப்பட்டுள்ளன. அவற்றை எவ்வாறு பிரித்து அறிவாய்?

4. 'நமத்துப் போதல்', 'ஊறிப் பருத்தல்' ஆகிய தொடர்களைச் சொந்த வாக்கியங்களில் அமைத்து எழுதுக.

5. உன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள வண்டியில் பிரேக் திரவம் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்று பெரியவரிடம் கேட்டு எழுதி வருக.